அச்சுப் பாலிமரும் அழுக்கு நீரும்

தேயிலையிலிருந்து 1888ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்ட தியோபிலின் என்னும் பொருள், மூச்சுக்குழாயின் இறுக்கத்தைத் தளர்த்தும் குணம் உடையதாக இருந்தபடியால், ஆஸ்துமா நோயாளிகளுக்கு நெடுங்காலம் மருந்தாகக் கொடுக்கப்பட்டு வந்தது. ஆனால் அது வைத்தியரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் மருந்து. இரத்தத்தில் சற்றுக் குறைந்தால் பயன் தராது, சற்று மிஞ்சினாலோ வாந்தியில் தொடங்கி வலிப்பில் கொண்டுபோய் விட்டாலும் விட்டுவிடும். மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை என்பதே அதற்கு வழக்கமாகச் சொல்லப்பட்டு வந்த எல்லை. அந்த அளவை நிச்சயிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. காலையில் காபி குடித்துவிட்டு வரும் நோயாளியின் இரத்தத்தில் காபீனும் இருக்கும். தியோபிலினுக்கும் காபீனுக்கும் உள்ள வேற்றுமையோ, முன்னதில் ஒரு ஹைட்ரஜன் அணு இருக்கும் இடத்தில் பின்னதில் ஒரு மீதைல் தொகுதி இருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றுமில்லை. இந்த இரண்டையும் பிரித்தறியும் பொறுப்பை, பிராணிகளின் உடலில் உண்டாக்கி எடுக்கும் எதிர்ப்பொருள்களிடம் ஒப்படைப்பது வழக்கமாக இருந்தது. 1993இல் ஸ்வீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாஸ் மோஸ்பாக்கும் அவருடைய கூட்டாளிகளும், எந்தப் பிராணியின் தயவையும் நாடாமல், பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்த ஒரு தூளைக் கொண்டே அந்தக் காரியத்தைச் செய்து காட்டி, ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். காபீனிடம் அந்தத் தூள் காட்டிய பற்று, தியோபிலினிடம் காட்டியதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

மூலக்கூறு அச்சுப் பதித்த பாலிமர் என்று இரசாயன சாஸ்திரிகள் சொல்லும் இந்தப் பொருளைச் செய்யும் முறையைச் சற்று அருகில் நின்று பார்ப்பது நல்லது. ஏனெனில் இதன் பெருமையும் இதன் குற்றங்களும் இரண்டுமே அந்த முறையிலேயே இருக்கின்றன. ஒரு கண்ணாடிக் குழாயில், எந்தப் பொருளை அடையாளம் காண விரும்புகிறோமோ அதையே அச்சுப் பொருளாகச் சிறிது எடுத்துக் குளோரோபாரம் போன்ற கரைப்பானில் கரைத்து, அதனோடு ஒட்டி உறவாடக்கூடிய மெத்தாக்ரிலிக் அமிலத்தைச் சேர்க்கிறார்கள். அந்த அமில மூலக்கூறுகள் அச்சுப் பொருளைச் சூழ்ந்து, அதன் மேடு பள்ளங்களுக்கும் மின் குணத்துக்கும் இசைந்தபடி தாமாகவே அணிவகுத்து நிற்கின்றன. அப்படி நிற்கும் நிலையில் அவற்றை உறையச் செய்வதற்காக, குறுக்கும் நெடுக்குமாகப் பிணைக்கும் இன்னொரு திரவத்தைத் தாராளமாக ஊற்றி, நைட்ரஜன் வாயுவைக் குமிழ்குமிழாகச் செலுத்திப் பிராணவாயுவை வெளியேற்றி, குழாயின் வாயை அடைத்து, 60 டிகிரி வெந்நீரில் இரவு முழுதும் வைத்துவிட்டால், மறுநாள் காலையில் குழாய்க்குள் இருப்பது திரவமல்ல, கெட்டியான ஒரு வெள்ளைக் கட்டி. குழாயை உடைத்துக் கட்டியை எடுத்து, கல்வத்தில் இட்டு அரைத்து, சல்லடையில் சலித்து, மிக நுண்ணிய பொடியை அசிட்டோனில் மிதக்கவிட்டு நீக்கி, எஞ்சியதை மெதனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்து நாள்கணக்கில் கழுவினால், உள்ளே சிறைப்பட்டிருந்த அச்சுப் பொருள் வெளியேறிவிடுகிறது; அது இருந்த இடம் மட்டும் எஞ்சுகிறது. ஈரச் சிமெண்டுத் தரையில் கோழி நடந்துபோன தடம் போல என்று சொல்லலாம். ஆனால் இந்தத் தடத்திற்கு வடிவம் மட்டுமல்லாமல் இழுக்கும் சக்தியும் உண்டு என்பதுதான் விசேஷம்.

இந்த யோசனை புதியதன்று. உயிர்ப்பொருள்களில் நொதியும் அது செயல்படும் பொருளும் பூட்டும் சாவியும்போல் பொருந்துகின்றன என்று ஜெர்மானியரான எமில் ஃபிஷர் 1894இலேயே சொல்லிவிட்டார். 1931இல் கீவ் நகரத்தில் போல்யகாவ் என்பவர், சிலிக்கா களியை பென்சீன், டொலுவீன் போன்ற பொருள்களின் சந்நிதியில் உலர வைத்தபோது, உலர்ந்த சிலிக்கா தன்னோடு இருந்த பொருளை மற்றவற்றைக் காட்டிலும் அதிகமாகக் கவர்ந்துகொள்வதைக் கண்டார். கண்டதை ருஷ்ய மொழியில் எழுதி வைத்தார். மேற்கு நாட்டார் வெகுகாலம் அதைக் கவனிக்கவில்லை. 1940இல் லைனஸ் பாலிங், உடலில் எதிர்ப்பொருள்கள் எப்படி உண்டாகின்றன என்பதற்கு ஒரு கொள்கையை வகுத்தார். புகுந்த அந்நியப் பொருளைச் சுற்றிப் புரதச் சங்கிலி மடிந்து, அதன் உருவத்திற்கு எதிர் உருவத்தைப் பெறுகிறது என்பது அதன் சாரம். அந்தக் கொள்கையைத் துணையாகக் கொண்டு, அவருடைய மாணவர் ஃபிராங்க் டிக்கி 1949இல் மெதில் ஆரஞ்சு என்னும் சாயத்தையும் அதன் நெருங்கிய உறவினரான மூன்று சாயங்களையும் எடுத்து, ஒவ்வொன்றின் முன்னிலையிலும் சிலிக்காவை உறையவைத்துப் பார்த்தார். ஒவ்வொரு சிலிக்காவும் தனக்குரிய சாயத்தையே தேடிப் பிடித்தது. பிற்காலத்தில் பாலிங்கின் கொள்கை முற்றிலும் தவறு என்று தீர்ந்துபோயிற்று. உடல் எதிர்ப்பொருளை அப்படி வார்ப்பதே இல்லை. ஆனால் தவறான கொள்கை பிறப்பித்த பரிசோதனையோ சரியானதாக நிலைத்துவிட்டது. சாஸ்திரத்தின் சரித்திரத்தில் இத்தகைய விநோதங்கள் சகஜம் என்றாலும், கொள்கை வகுத்தவர் பாலிங்கைப் போன்ற மேதையாக இருக்கும்போது படிக்கிறவருக்கு ஒரு சந்தோஷம் உண்டாகத்தான் செய்கிறது.

1972இல் ஜெர்மனியில் குந்தர் வுல்ஃப், சிலிக்காவை விட்டு உண்மையான பாலிமருக்கு இந்த வித்தையைக் கொண்டுவந்தார். அவர் அச்சுப் பொருளை உறுதியான இரசாயனப் பிணைப்பால் கட்டிவைத்தார். மோஸ்பாக் அந்தக் கட்டைத் தளர்த்தி, மேலே சொன்ன மெல்லிய ஈர்ப்புகளே போதும் என்று காட்டினார். காரியம் எளிதாயிற்று, எளிதான பின் உலகெங்கும் ஆய்வகங்கள் இதில் இறங்கின. அன்றுமுதல் மருந்து, பூச்சிமருந்து, வெடிமருந்து, ஹார்மோன், உலோகம் என்று கையில் கிடைத்த எல்லாவற்றுக்கும் தடம் பதித்தாயிற்று. காசி இந்துப் பல்கலைக்கழகம் உட்பட நம் நாட்டு ஆய்வகங்கள் பலவும் இத்துறையில் சிரத்தையாகவே உழைத்திருக்கின்றன. ஆயினும், கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தபின்னும், கிராமத்துக் கிணற்றங்கரையிலோ, பால் கூட்டுறவுச் சங்கத்தின் வாசலிலோ, அரசாங்க ஆஸ்பத்திரியிலோ இந்தப் பாலிமரைத் தாங்கிய உணர்கருவி ஒன்றை நாம் காண முடியவில்லை. இதற்குக் காரணம் பாலிமரின் குறைபாடு மட்டுமல்ல, அதை எடைபோடும் நம்முடைய அளவுகோலின் கோளாறும்தான் என்பது என் அபிப்பிராயம்.

நல்ல வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டுமானால், அமெரிக்காவின் மேரிலாந்து மாகாணத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்முறைப் பௌதிக ஆய்வகத்தில் இரசாயனியான ஜார்ஜ் மர்ரியும் அவருடைய கூட்டாளிகளும் 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சியைச் சொல்வேன். சோமன் என்பது நரம்பைத் தாக்கும் யுத்த விஷங்களில் ஒன்று. சாரின் என்னும் விஷத்தின் நெருங்கிய உறவு. டோக்கியோவின் சுரங்க ரயிலில் 1995 மார்ச் 20ஆம் தேதி ஒரு கூட்டத்தார் சாரினைக் கசியவிட்டு உயிர்களைப் பறித்த சம்பவத்திற்குப் பிறகு, இந்த விஷங்களைக் கண்டுபிடிக்கும் சாதனம் வேண்டும் என்ற அவசரம் எல்லா நாடுகளையும் பற்றிக்கொண்டது. மர்ரியின் யுக்தி, விஷத்தை நேரே தேடாமல், நீரில் அது சிதைந்து உண்டாக்கும் பொருளைத் தேடியதில் இருக்கிறது. விஷம் நீரில் சிதைந்து மறைந்துபோகலாம். அந்தச் சிதைவுப் பொருளோ நிலைத்திருக்கும். அது இயற்கையில் உண்டாவதில்லை. எனவே அது இருந்தால் விஷமும் அங்கே இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. இந்தச் சாட்சி எவ்வளவு நாள் தங்கும் என்பதும் முன்பே தெரிந்த விஷயம்தான்: ஈராக்கில் பிர்ஜின்னி என்னும் குர்து கிராமத்தின்மீது 1988இல் குண்டு விழுந்த இடத்து மண்ணை, நான்கு ஆண்டுகள் கழித்து 1992இல் எடுத்துச்சென்று பரிசோதித்தபோது, சாரினின் சிதைவுப் பொருள்கள் அதில் இன்னும் இருந்தன.

மர்ரி தம்முடைய பாலிமருக்குள் யூரோப்பியம் என்னும் அருமண் உலோகத்தைப் பொதிந்து வைத்தார். பழைய கலர் டெலிவிஷன் திரையில் சிவப்பு ஒளியைத் தந்தது இந்த உலோகம்தான். அது ஒளிரும்போது வெளிவிடும் கோடுகள் மிகக் குறுகலானவை. அதைப் பற்றிக்கொள்ளும் பொருள் மாறினால் அந்தக் கோடுகளின் போக்கும் மாறும். ஆகவே, தேடும் பொருள் வந்து தடத்தில் அமர்ந்தால், அமர்ந்தது அதுதான் என்று உலோகமே ஒளியால் சொல்லிவிடுகிறது. பிடித்து வைக்கும் வேலையையும் அடையாளம் சொல்லும் வேலையையும் ஒன்றே செய்கிறது. ஒரு கண்ணாடி இழையின் முனையில் அந்தப் பாலிமரைப் பூசி, லேசர் ஒளியைச் செலுத்தி, நீரில் டிரில்லியனில் 7 பங்கு அளவுவரை அவர்கள் கண்டுபிடித்தார்கள். சோமனைப் போலவே பாஸ்பரஸ் குடும்பத்தைச் சேர்ந்த பூச்சிமருந்துகள் கூடவே இருந்தால் கருவி ஏமாறுகிறதா என்பதையும் அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. வயலில் தெளித்த மருந்தைப் பார்த்து யுத்தம் வந்துவிட்டதென்று கூச்சலிடும் கருவியால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் இந்த ஆராய்ச்சியிலிருந்து கற்றுக்கொண்டது, துரதிர்ஷ்டவசமாக, அந்த 7 என்னும் எண்ணை மட்டுமே. மறைந்துபோன குற்றத்தின் சுவட்டைத் தேடுகிறவருக்கு எவ்வளவு குறைந்த அளவையும் காணும் கண் வேண்டியதுதான். ஆனால் தியோபிலின் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இரத்தத்தில் மிதக்கும் பொருள். அதைக் காண்பது கஷ்டமல்ல, காபீனிலிருந்து பிரித்துக் காண்பதே கஷ்டம். பூச்சிமருந்தை எடுத்துக்கொண்டால், 2003இல் டில்லியைச் சேர்ந்த ஓர் ஆராய்ச்சி மையம் புட்டி நீரைச் சோதித்துக் கிளப்பிய பெரும் விவாதத்திற்குப் பின், தனி மருந்து ஒவ்வொன்றுக்கும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்னும் ஐரோப்பிய எல்லையே நம் நாட்டுப் புட்டி நீருக்கும் விதியாயிற்று. அந்த எல்லைக்கு மேலா கீழா என்று பொய் சொல்லாமல் கூறும் கருவியே நமக்கு வேண்டியது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் காண்பேன் என்று மார்தட்டிவிட்டு, குளத்து நீரில் நனைத்தவுடன் திகைத்து நிற்கும் கருவி எதற்கு? சர்க்கரை நோயாளிகள் விரல் நுனியில் ஊசியால் குத்தி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் கருவியை எண்ணிப் பாருங்கள். லேலண்ட் கிளார்க் 1962இல் வெளியிட்ட நொதி மின்முனை யோசனையிலிருந்து வளர்ந்த அந்தக் கருவியிடம், இரத்தத்தில் எவ்வளவு குறைந்த சர்க்கரையைக் காண்பாய் என்று யாரும் கேட்பதில்லை. சரியாகச் சொல்கிறாயா என்று மட்டுமே கேட்கிறார்கள்.

அச்சுப் பாலிமரின் குற்றங்களை அதன் அன்பர்கள் அறியாதவர்கள் அல்லர். எத்தனை நாள் கழுவினாலும் அச்சுப் பொருளில் ஒரு சிறு பங்கு கட்டிக்குள்ளேயே ஒளிந்திருந்து, பிறகு மெல்ல மெல்லக் கசிகிறது. மிகக் குறைந்த அளவுகளை அளக்க முற்படும்போது, கருவி வெளியிலிருந்து வந்ததைச் சொல்கிறதா, தன் வயிற்றிலிருந்து கசிந்ததைச் சொல்கிறதா என்பதே சந்தேகமாகிவிடுகிறது. மிகக் குறைந்த அளவை எட்டிப்பிடிக்கும் மோகத்திற்கு இயற்கையே அளிக்கும் தண்டனை என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது. இதற்குப் பரிகாரமாக, தேடும் பொருளை விட்டுவிட்டு, அதைப் போலவே தோன்றும் வேறொரு பொருளை அச்சாக வைத்தால், அது கசிந்தாலும் கணக்கில் வேறாகத் தெரிந்துவிடும் என்ற உபாயத்தை 1997இல் ஸ்வீடன் நாட்டார் கையாண்டார்கள். இரண்டாவது குற்றம், கட்டிக்குள் உண்டாகும் குழிகள் ஒரே தரத்தவை அல்ல என்பது. சில கச்சிதமாகப் பொருந்தும், பல ஏனோதானோவென்று இருக்கும். மூன்றாவது குற்றம் நீர். அச்சுப் பொருளையும் அமிலத்தையும் சேர்த்து வைக்கும் ஹைட்ரஜன் ஈர்ப்பு எண்ணெய்ப் பாங்கான கரைப்பானில் பலமாக இருக்கும். நீர் வந்தால் தானே குறுக்கே புகுந்து அந்த உறவைக் கெடுத்துவிடும். 1993ஆம் ஆண்டின் புகழ்பெற்ற தியோபிலின் பரிசோதனையில்கூட, இரத்த நீரிலிருந்து மருந்தை முதலில் வேறு கரைப்பானுக்கு மாற்றிக்கொண்டுதான் தூளைப் பயன்படுத்தினார்கள். அதை அவர்கள் மறைக்கவில்லை. அவர்களை மேற்கோள் காட்டுகிறவர்களில் பலர்தான் அதைச் சொல்வதற்கு மறந்துவிடுகிறார்கள்.

இவற்றைக் காட்டிலும் என்னை அதிகமாக உறுத்துவது வேறு. அச்சுப் பதித்த பாலிமர் எதைச் செய்தாலும், அது அச்சினால்தான் செய்தது என்று நிரூபிக்க, அச்சுப் பொருள் சேர்க்காமல் மற்றபடி அதே பக்குவத்தில் செய்த இன்னொரு பாலிமரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பிளாஸ்டிக்கில் எதுவும் ஓரளவு ஒட்டிக்கொள்ளும். இரட்டைப் பிறவியான அந்த வெறும் பாலிமரில் எவ்வளவு ஒட்டுகிறது என்று சொன்னால்தான் தடத்தின் பங்கு இன்னது என்று தெரியும். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் விடுவோர் இன்று குறைவு. ஆனால் அச்சுப் பொருள் இல்லாமல் உறையும்போது கட்டியின் துளைகளும் பரப்பும்கூட மாறிவிடக் கூடும். அப்படி மாறியிருந்தால் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை தடத்தினால் வந்ததா, பரப்பினால் வந்ததா என்று கேட்பதற்கு இடமிருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளும் பொறுமைதான் குறைவு. தேடும் பொருளை மூன்று நான்கு போட்டிப் பொருள்களோடு ஒப்பிட்டு, அந்தப் போட்டியாளர்களையும் சுலபமாகத் தோற்கக்கூடியவர்களாகத் தேர்ந்துகொண்டு, வெற்றி முழக்கம் செய்வது சாமர்த்தியமாகலாம், சாஸ்திரமாகாது.

இத்தனைக்கும் நடுவே இந்தப் பாலிமர் அடக்கமாக ஜெயித்த இடம் ஒன்று உண்டு; அதைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. பால், சிறுநீர், மாமிசம் போன்ற அழுக்கான பொருள்களிலிருந்து தேடும் பொருளை மட்டும் பிடித்து நிறுத்தி, சுத்தமாக்கிப் பெரிய நிறமாலைக் கருவிக்கு அனுப்பும் சிறு குழாய்களில் இதை நிரப்பி, வியாபாரத்திலேயே விற்கிறார்கள். குளோரம்பெனிகால் என்னும் மருந்து உணவில் இருக்கவே கூடாது என்று ஐரோப்பியர் தடை செய்து, கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராமையும் காணத்தக்க சோதனை வேண்டும் என்று விதித்தபோது, இறாலை ஏற்றுமதி செய்யும் ஆசிய நாடுகளெல்லாம் பட்ட பாடு நம் கடற்கரை இறால் பண்ணைக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்த மருந்துக்கென்றே தடம் பதித்த குழாய்கள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. தானே நீதிபதியாக இராமல், நீதிபதியின் முன் சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தும் சேவகனாக இருக்கும்போது இந்தப் பாலிமர் குறையின்றி உழைக்கிறது.

இனி உணர்கருவிக்கு வழியே இல்லையா என்றால், உண்டு. கீவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் செர்ஜி பிலெட்ஸ்கி, அச்சு மூலக்கூறுகளைக் கண்ணாடி மணிகளின்மீது அசையாமல் கட்டிவைத்து, அவற்றைச் சுற்றி மிகமிக நுண்ணிய பாலிமர்த் துகள்களை வளர்க்கிறார். பிறகு குளிர்ந்த நீரால் கழுவினால் ஏனோதானோவென்று ஒட்டியவை போய்விடுகின்றன. சூடாக்கிக் கழுவினால் கச்சிதமாகப் பொருந்தியவை மட்டும் வெளிவருகின்றன. அச்சோ மணியோடேயே தங்கிவிடுகிறது. கசிவு என்னும் குற்றத்தையும் ஏற்றத்தாழ்வு என்னும் குற்றத்தையும் ஒரே அடியில் தீர்க்கும் இந்த முறையை, நீரிலேயே செய்ய முடிகிறது என்பது மூன்றாவது லாபம். கலிபோர்னியாவில் கென்னத் ஷியாவும் ஜப்பானியக் கூட்டாளிகளும் 2010இல், தேனீ விஷத்திற்குத் தடம் பதித்த துகள்களை உயிருள்ள எலிகளின் இரத்தத்தில் செலுத்தி, விஷத்தை அவை பிடித்து அடக்குவதைக் காட்டினார்கள். இரத்தத்தைக் காட்டிலும் கலப்படமான திரவம் வேறு எது? அங்கேயே தடம் தன் பொருளைக் கண்டுகொள்ளுமானால், கிணற்று நீருக்கும் கறந்த பாலுக்கும் நாம் அஞ்ச வேண்டியதில்லை.

ஆகவே, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் நம்முடைய அரசாங்க நிறுவனங்களிடம் ஒரு வேண்டுகோள். உணர்கருவி செய்வதாக மனுக் கொடுப்போரிடம், எவ்வளவு குறைந்த அளவைக் காண்பீர் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, சட்டம் விதித்த எல்லை எது, அந்த எல்லையில் உமது கருவி நூறு முறைக்கு எத்தனை முறை தவறும், வெறும் பாலிமரோடு ஒப்பிட்ட கணக்கு எங்கே என்று முதலில் கேளுங்கள். தொகையில் ஒரு பங்கை நிறுத்தி வைத்துக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லாமல், வேறொரு ஆய்வகத்தில் அளந்து மூடி வைத்த ஆற்று நீரையும் சாக்கடை கலந்த கிணற்று நீரையும் பாலையும் அவர்களிடம் அனுப்பி, விடை சரியாக வந்தபின் மிச்சத்தைக் கொடுங்கள். வாய்த்த விடைகளோடு தவறிய விடைகளையும் அச்சிட வேண்டும் என்று பணம் கொடுக்கும் உத்தரவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.